திட்டத் தேதிகள் ஏன் நழுவுகின்றன? கால அட்டவணை மென்பொருள் பற்றிய கேள்வி பதில்

கட்டுமானத் திட்டங்களுக்கும் மென்பொருள் திட்டங்களுக்கும் கால அட்டவணை போடுவதே பதினெட்டு ஆண்டுகளாக என் தொழில். "எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொன்னதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. மென்பொருள் கணக்கிட்டுத் தரவேண்டிய தேதியை நாமே கையால் எழுதிவிடுகிறோம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஐயா, எக்ஸெல்லில் இருந்த 140 பணிகளை மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற கால அட்டவணை மென்பொருளுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் கவனமாகப் போட்டேன். மூன்றாவது பணி ஒரு வாரம் தள்ளிப்போனது. மற்ற எதுவும் அசையவே இல்லை. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கிறது. 2010 பதிப்பிலிருந்து அந்த மென்பொருளில் புதிய பணிகள் இயல்பாகவே 'மேனுவல்' முறையில்தான் உருவாகின்றன. அவை நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். மென்பொருளே தேதியைக் கணக்கிடும் 'ஆட்டோ' முறைக்கு மாற்றிவிட்டால் மட்டும் சிக்கல் தீராது. தொடக்கத் தேதியை அதற்கான கட்டத்தில் தட்டச்சு செய்தவுடன் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது' என்ற கட்டுப்பாடு பணிமேல் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். முடிவுத் தேதியைத் தட்டினால் 'இந்தத் தேதிக்கு முன் முடியக் கூடாது' என்று ஆகும். ஆணி அடித்த பலகை எப்படி நகரும்?

எல்லாப் பணிகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து ஆட்டோ முறைக்குக் கொண்டுவாருங்கள். கட்டுப்பாட்டை 'எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்' என்பதற்கு மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு பணிக்கும் இரண்டே விவரங்கள் கொடுங்கள்: எத்தனை வேலைநாள் பிடிக்கும்? எது முடிந்தால் இதைத் தொடங்கலாம்? தேதி தானாக வரும். வெளியிலிருந்து வரும் உண்மையான தேதிகள், அதாவது அனுமதி கிடைக்கும் நாள், இயந்திரம் வந்திறங்கும் நாள் போன்றவை மட்டும் கட்டுப்பாடாக இருக்கலாம். வாடிக்கையாளருக்குச் சொன்ன கெடுவை 'டெட்லைன்' புலத்தில் இடுங்கள். அது பணியை இழுத்துப் பிடிக்காது. தேதி தாண்டினால் எச்சரிக்கும்.

கேள்வி: ஒரு பணியை இன்னொன்றோடு கட்ட நான்கு வகைப் பிணைப்புகள் இருக்கின்றன. எப்போது எதைப் பயன்படுத்துவது? கையேடு எழுதத் தொடங்கி ஐந்து நாளில் மொழிபெயர்ப்பு தொடங்கலாம் என்பதால் 'தொடக்கம்–தொடக்கம்' போட்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: பெரும்பாலான இடங்களில் 'முடிவு–தொடக்கம்' போதும்: ஒன்று முடிந்தால் அடுத்தது தொடங்கும். 'தொடக்கம்–முடிவு' வகையை (ஒன்று தொடங்கினால்தான் இன்னொன்று முடியலாம்) நான் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே பயன்படுத்தியிருக்கிறேன்.

உங்கள் கையேட்டு அட்டவணையில் ஒரு ஓட்டை இருக்கிறது. எழுதுவது 20 நாள், மொழிபெயர்ப்பும் 20 நாள் என்று வையுங்கள். மொழிபெயர்ப்பு 25ஆம் நாள் முடியும், நன்றாகத்தான் தெரிகிறது. எழுதுபவருக்கு 35 நாள் ஆகிவிட்டால்? தொடக்கங்களை மட்டுமே கட்டியிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு அப்போதும் 25ஆம் நாளிலேயே முடிந்ததாக அட்டவணை காட்டும். எழுதி முடிக்காத பக்கங்களை மொழிபெயர்த்துவிட்டார்களாம்! எழுதுவது முடியாமல் மொழிபெயர்ப்பு முடியக் கூடாது என்று சொல்லும் 'முடிவு–முடிவு' பிணைப்பும் கட்டாயம் வேண்டும். பிரைமவெரா பி6 என்ற இன்னொரு கால அட்டவணை மென்பொருளில் அதே இரண்டு பணிகளுக்கிடையே இரண்டு பிணைப்புகளையும் போடலாம். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஒன்றைத்தான் அனுமதிக்கும். அங்கே பணியைப் பிரிப்பதே நல்ல வழி: முதல் பாதியை எழுதுதல், இரண்டாம் பாதியை எழுதுதல், அவற்றுக்கு ஈடாக இரண்டு மொழிபெயர்ப்புப் பணிகள். எல்லாம் எளிய 'முடிவு–தொடக்கம்' ஆகிவிடும்.

கேள்வி: கான்கிரீட் நீராற்றுதலுக்கு (ஈரமாக வைத்து இறுக விடுவதற்கு) 7 நாள் போட்டால், விடுமுறை நாட்களை விட்டுவிட்டு 9 நாளாகக் காட்டுகிறது.

பதில்: ஆட்கள் ஓய்வெடுத்தாலும் கான்கிரீட் ஓய்வெடுக்காது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் கால அளவை 'எலாப்ஸ்டு டேஸ்' என்ற அலகில் கொடுங்கள். இரவும் விடுமுறையும் கணக்கில் சேரும். பி6இல் அந்தப் பணிக்கு வாரம் ஏழு நாளும் இயங்கும் தனி நாட்காட்டியை இணைத்துவிடுங்கள்.

கேள்வி: கிரிட்டிக்கல் பாத் என்பது திட்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடும் சிவப்புக் கோடு என்று படித்தேன். என் கோப்பில் கடைசி மூன்று பணிகள் மட்டும்தான் சிவப்பு. மேலாளரோ "எல்லாப் பணியும் முக்கியம்தான், இந்தக் கோடு எதற்கு" என்கிறார்.

பதில்: மேலாளரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிரிட்டிக்கல் பாத் முறை 1957இல் டுபான்ட் நிறுவனத்தின் பொறியாளர் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கியது. அவசரம் என்று சொல்லி எல்லா வேலைக்கும் மிகைநேரக் கூலி கொடுக்கும் பழக்கத்துக்கு அவர்கள் மாற்றுச் சொன்னார்கள். சில பணிகளை மட்டும் விரைவுபடுத்தினால் போதும், மற்றவற்றில் கொட்டும் பணம் ஒரு நாளைக்கூடக் குறைக்காது என்று கணக்கில் காட்டினார்கள். 'முக்கியம்' என்பது வேறு, 'கிரிட்டிக்கல்' என்பது வேறு. ஒரு நாள் தாமதித்தால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும் பணியே கிரிட்டிக்கல். தள்ளிப்போட இடம் இருக்கும் நாட்களுக்கு ஃப்ளோட் என்று பெயர். அடுத்த பணியைத் தொடாமல் எத்தனை நாள் தள்ளலாம் என்பது ஃப்ரீ ஃப்ளோட். திட்ட முடிவைத் தொடாமல் எத்தனை நாள் என்பது டோட்டல் ஃப்ளோட். பிந்தையது அந்தப் பாதையிலுள்ள எல்லோருக்கும் பொதுச் சொத்து. முதலில் வருபவர் செலவழித்துவிட்டால் பின்னால் வருபவருக்கு மிஞ்சாது.

இனி உங்கள் கோப்பு. சிவப்பான அந்த மூன்றில் முதல் பணியின்மேல் ஒரு தேதிக் கட்டுப்பாடு உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தத் தேதி வரை முந்தைய பணிகளுக்குத் தாராளமாக நேரம் இருப்பதால் அவற்றில் சிவப்பு வரவில்லை. அது உண்மையான தேதி என்றால் சிவப்பும் உண்மை. யாரோ பழக்கத்தில் தட்டிய தேதி என்றால் நீக்குங்கள். கூடவே, தன்னை அடுத்துத் தொடங்கும் பின்பணி எதுவும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் பணிகளையும் தேடுங்கள். திட்டம் முடிந்ததைக் குறிக்கும் கடைசி மைல்கல்லைத் தவிர ஒவ்வொரு பணியும் இன்னொன்றுக்கு வழிவிட வேண்டும்.

கேள்வி: பத்து நாள் வேலைக்கு இரண்டாவது ஆளைச் சேர்த்தேன். மென்பொருள் ஐந்து நாள் என்று மாற்றிவிட்டது. நம்பலாமா?

பதில்: பெருக்கல் கணக்கு அது: ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், பத்து நாளில் 80 மணி நேரம், இருவர் என்றால் 40, 40. சுவருக்கு வண்ணம் பூசுவதில் ஏறக்குறைய பொருந்தும். ஒரு நிரலில் பிழை தேடுவதில் பொருந்தாது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க முதல் ஆளின் நேரமும் போகும். அத்தகைய பணிகளில், ஆள் கூடினால் நாளைக் குறைக்கும் 'எஃபர்ட் டிரிவன்' குறியை எடுத்துவிட்டு, கால அளவை நீங்களே கேட்டறிந்து போடுங்கள்.

கேள்வி: ஒரு பணி நான்கு வாரமாக 90 சதவீதத்திலேயே நிற்கிறது. கேட்டால் "முடியப் போகிறது" என்கிறார்கள்.

பதில்: இந்த 90 சதவீதத்தில் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு தொழிற்கூடத் திட்டத்தில், குழாய்ப் பணி 90 சதவீதம் என்று ஒப்பந்ததாரர் ஐந்து வாரம் அறிக்கை தந்தார்; நானும் அப்படியே பதிந்தேன். நேரில் போய்ப் பார்த்தபோது குழாய்கள் எல்லாம் பொருத்தியாகியிருந்தன, அழுத்தச் சோதனை தொடங்கவே இல்லை. மூன்று வாரத் தாமதத்தை அன்று மாலை நான்தான் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பிறகு நான் சதவீதம் கேட்பதே இல்லை. "இன்னும் எத்தனை வேலைநாள் வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறேன். சதவீதம் கடந்துபோனதைப் பற்றியது, சொல்வதும் எளிது. மிச்ச நாளைச் சொல்ல வேண்டுமானால் அவர் மனத்தில் வேலையை ஒருமுறை நடத்திப் பார்த்தாக வேண்டும். அந்த எண்ணை 'ரிமெய்னிங் டியூரேஷன்' புலத்தில் இடுங்கள். அறிக்கைத் தேதியையும் அமைத்து, முடியாத வேலையை அந்தத் தேதிக்குப் பின்னால் நகர்த்துங்கள். செய்யாத வேலை கடந்த வாரத்தில் கிடந்தால் அட்டவணை பொய் சொல்கிறது என்று பொருள். வாரந்தோறும் அறிக்கை வாங்கினால் பணிகள் இரண்டு வார அளவுக்கு மேல் நீளாமல் உடைத்துக்கொள்ளுங்கள்; 90 சதவீதத்தில் ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

கேள்வி: தேதி தள்ளும்போதெல்லாம் பேஸ்லைனையும், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கச் சேமித்த மூல அட்டவணையையும், புதுப்பிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புதுப்பித்தால் தாமதமே இல்லாத திட்டம் போலத் தெரியும். வேலையின் எல்லை மாறி, அதற்கு ஒப்புதலும் கிடைத்தால் மட்டும் புதிய பேஸ்லைன். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் 11 பேஸ்லைன்கள் வரை சேமிக்கலாம் என்பதால் பழையதை அழிக்கத் தேவையே இல்லை.

கேள்வி: ஒருவர்மேல் வேலை குவியாதபடி பணிகளைத் தானாகத் தள்ளிவைக்கும் ரிசோர்ஸ் லெவலிங் பொத்தானை அழுத்தலாமா?

பதில்: கோப்பின் நகலில் அழுத்துங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 16 மணி நேர வேலை எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க நல்ல கருவி. எந்த வேலை காத்திருக்க வேண்டும் என்ற முடிவை மட்டும் அதனிடம் விடாதீர்கள்.

கேள்வி: பணம் கொடுக்காமல் கற்றுக்கொள்ள ஏதாவது மென்பொருள்?

பதில்: கேன்ட்ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட்லிப்ரே இரண்டும் இலவசம். இரண்டாவது மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் கோப்புகளையும் திறக்கும். பிணைப்பு, கிரிட்டிக்கல் பாத், பேஸ்லைன் மூன்றையும் பழக இவை தாராளம்.

கேள்வி: ஒவ்வொரு பணிக்கும் நியாயமான கால அளவுதான் கொடுத்தோம். பிணைப்புகளும் சரி. இருந்தும் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனை ஒருமுறைகூடக் குறித்த நாளில் தொடங்கியதில்லை. எங்கே தவறு?

பதில்: அந்தச் சோதனைக்கு முன் எத்தனை பணிகள் வந்து சேருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றையொன்று சாராத மூன்று பணிகள் என்றும், ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிய 80 சதவீத வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து முடிய வாய்ப்பு 0.8ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது: 51 சதவீதம். ஐந்து பணிகள் என்றால் 33. யாரும் சோம்பேறி இல்லை, யாரும் தவறாகச் சொல்லவும் இல்லை. ஆனாலும் சோதனை தாமதமாகத்தான் தொடங்கும். பணிகளைப் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் சார்ட்டில் இது கண்ணுக்கே தெரியாது.

பணிகளுக்குள் ஆளாளுக்கு இரண்டு நாள் ஒளித்துவைக்கச் சொல்லாதீர்கள். ஒளித்த நாள் செலவாகிவிடும். பாதைகள் கூடும் அந்த இடத்துக்கு முன்னால் 'இடைக்காப்பு நாட்கள்' என்று வெளிப்படையாகப் பெயரிட்டு ஒரு பணியைச் செருகுங்கள். முதல் முறை ஐந்து நாள் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் அதில் எத்தனை நாள் கரைந்தது என்று குறித்துவந்தால், அடுத்த திட்டத்தில் எவ்வளவு வைப்பது என்பதற்கு உங்களிடமே எண் இருக்கும்.