கேள்வி - பதில்: பித்தப்பையில் ஓர் அபூர்வப் புற்று

அப்பாவுக்குக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'நியூரோஎண்டோகிரைன்' என்று இருக்கிறது. பித்தப்பையைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் என்ன சிகிச்சை? (வாசகி, மன்னார்குடி)

நியூரோஎண்டோகிரைன் என்றால் ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றும் கட்டி. அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'டியூமர்' என்றால் பெரும்பாலும் மெதுவாக வளர்வது. 'கார்சினோமா' என்றால் வேகமாகப் பரவுவது. இரண்டுக்கும் மருந்தே வேறு. 'கே.ஐ.-67' என்ற எண்ணும் இருக்கும். நூறு செல்களில் எத்தனை பிளந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதன் கணக்கு அது. 3-க்குக் கீழ் முதல் கிரேடு, 3 முதல் 20 வரை இரண்டாவது. 20-ஐத் தாண்டினால் மூன்றாம் கிரேடு டியூமராகவும் இருக்கலாம், கார்சினோமாவாகவும் இருக்கலாம். செல்லின் தோற்றத்தை வைத்துத்தான் பிரிப்பார்கள். இங்கே தவறு நேர்வதுண்டு. அதனால் எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபிலிருந்து வாங்கி, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப்போய்ப் பயனில்லை.

அடுத்தது ஆழம். உள்தோலோடு நின்று (டி1ஏ), பித்தப்பைக் குழாயை வெட்டிய ஓரமும் சுத்தமாக இருந்தால், நடந்த ஆபரேஷனே பொதுவாகப் போதும். தசையைத் தொட்டிருந்தால் பித்தப்பை ஒட்டியிருந்த ஈரலில் சுமார் 2 செ.மீ. தடிமனும், பித்தக்குழாய் ஓரத்து நெறிக்கட்டிகளும் (குறைந்தது ஆறு) எடுக்க வேண்டிவரும். அதற்கு முன் ஸ்கேன் அவசியம். ஈரலில் ஏற்கெனவே பரவியிருந்தால் கத்தியைவிட மருந்துக்கே முதலிடம். எடுக்கும்போது பை கிழிந்து பித்தம் சிந்தியதா என்றும் சர்ஜனிடம் கேளுங்கள். சிந்தியிருந்தால் வயிற்றுக்குள் பரவும் வாய்ப்பு கூடும்.

மாமியாருக்கு 'ஸ்மால் செல் கார்சினோமா', கூடவே மஞ்சள் காமாலை. கீமோவை ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? (வாசகர், ஈரோடு)

தள்ளிப்போடுவது சரிதான். ஸ்மால் செல் என்பது மேலே சொன்ன வேகமாகப் பரவும் கார்சினோமாவில் ஒரு வகை. இதற்குக் கொடுக்கும் கீமோ மருந்தான எட்டோபோசைடை உடம்பு வெளியேற்றுவதில் ஈரலுக்கும் பங்குண்டு. பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமி) ஏறிக் கிடக்கும்போது முழு அளவு கொடுத்தால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். முதலில் ஈ.ஆர்.சி.பி. (வாய்வழியே எண்டோஸ்கோப் செலுத்திச் செய்யும் முறை) மூலம் பித்தக்குழாயில் அடைப்பைத் திறக்கும் ஸ்டென்ட் குழாய், பிறகு கீமோ. வழக்கமான முறை: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு சிஸ்பிளாட்டின் 75 மி.கி. முதல் நாள், எட்டோபோசைட் 100 மி.கி. மூன்று நாள். 21 நாளுக்கு ஒருமுறை, நான்கிலிருந்து ஆறு சுற்று. பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றால் எட்டோபோசைட் நாளுக்கு 150 மி.கி. சிஸ்பிளாட்டினோடு மெக்னீசியம் கலந்த சலைன் ஏறுவது கிட்னியைக் காக்க. கிரியேட்டினின் சரியில்லை என்றால் கார்போபிளாட்டினுக்கு மாற்றுவார்கள். சிஸ்பிளாட்டின் காதையும் பாதிக்கலாம்; காதில் இரைச்சல் கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குரோமோகிரானின்-ஏ அதிகமாக வந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா? (வாசகர், மதுரை)

குரோமோகிரானின்-ஏ என்பது இந்தக் கட்டிகள் ரத்தத்தில் விடும் ஒரு புரதம். பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் சாப்பிடுகிறீர்களா? அந்த அல்சர் மாத்திரைகளே இந்த அளவை ஏற்றிவிடும். கிட்னிக் கோளாறும் ஏற்றும். டாக்டர் சம்மதித்தால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். இந்த ஒரு எண்ணை வைத்து யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

மாதாந்திர ஆக்ட்ரியோடைட் ஊசி பாதியில் அடைத்துக்கொள்கிறது. ஏன்? (வாசகி, தஞ்சாவூர்)

ஆக்ட்ரியோடைட், மெதுவாக வளரும் டியூமரைக் கட்டுப்படுத்தும் மருந்து; தூளாக வரும், கலக்கித்தான் போட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலக்கியிருப்பார்கள். குறைந்தது அரை மணி நேரம் வெளியே வைத்து, தூள் முழுக்க நனையும் வரை சில நிமிடம் விட்டு, பிறகு குலுக்கி, கலந்த உடனே புட்டத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். கலக்கி வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் துகள் அடியில் படிந்து ஊசி அடைக்கும். பாதிதான் ஏறியது என்றால் டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள்.