போர் தண்ணீரைப் படியில் இறக்கினால் மீனுக்கு ஆக்சிஜன் கிடைக்குமா?

குடியாத்தம் பக்கத்தில் 25 சென்ட் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “போர் தண்ணீரை நேராகக் குளத்தில் விடாமல், படிக்கட்டு மாதிரி கட்டி இறக்கினால் ஆக்சிஜன் ஏறுமா? எத்தனை படி வேண்டும்? அதைக் கட்டிவிட்டால் ஏரேட்டர் செலவு மிச்சமா?”

ஆக்சிஜன் நன்றாகவே ஏறும். ஆனால் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் கருவியான ஏரேட்டரின் செலவு மிச்சமாகாது.

ஆழத்துப் பாறையிடுக்கில் கிடக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன்கூட இல்லாமல் போகலாம். மீனுக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். 30 டிகிரி சூட்டில் காற்றிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொள்ளக்கூடிய உச்சமே சுமார் 7.5 தான், 35 டிகிரியில் 7-க்கும் சற்றுக் குறைவு. நம் கத்திரி வெயிலில் மீனுக்குத் தேவை கூடும், தண்ணீரின் கொள்ளளவோ குறையும்.

படியில் விழும் தண்ணீர் கீழே தேங்கியிருக்கும் நீருக்குள் பாயும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நுரைக் குமிழிகள் வழியாகத்தான் ஆக்சிஜன் கரைகிறது. உச்சத்துக்கு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஏறும். 30 சென்டிமீட்டர் படி ஒன்று, மீதமுள்ள பற்றாக்குறையில் கால் பங்கையாவது தீர்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிகிராமில் தொடங்கினால் ஐந்து படி இறங்குவதற்குள் 6-ஐ நெருங்கிவிடும். அதற்கு மேல் கட்டும் ஒவ்வொரு படிக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும், ஐந்து போதும். அதே ஒன்றரை மீட்டரை ஒரே வீழ்ச்சியாக விட்டால் இவ்வளவு ஏறாது.

கட்டும்போது படியின் விளிம்பில்தான் முழுக் கவனமும் வேண்டும். விளிம்பு உருண்டையாக இருந்தால் தண்ணீர் சுவரை ஒட்டிக்கொண்டே வழியும், நுரையே வராது. சன்ஷேடு மாதிரி இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக் கூராக முடியுங்கள். ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, ஒரு மீட்டர் அகலத்தில் மெல்லிய திரையாக விழ விடுங்கள். ஒவ்வொரு படியிலும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்க ஒரு சிறு தடுப்பு வேண்டும். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கல்களில் நாம் பார்க்கும் படிகள் ஆக்சிஜனுக்காகக் கட்டியவை அல்ல, வேகத்தைத் தணித்து மண் அரிப்பைத் தடுப்பவை. வெள்ளம் பெருகினால் தண்ணீர் அந்தப் படிகளை மூடிக்கொண்டு வழுக்கிப் போய்விடும். அந்த அளவை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

சரி, ஏரேட்டர் ஏன்? ஒன்றரை மீட்டர் ஆழமென்றால் உங்கள் குளத்தில் சுமார் 15 லட்சம் லிட்டர் இருக்கும். போர் நிமிடத்துக்கு 200 லிட்டர் கொடுத்தாலும் மூன்று மணி நேரத்தில் 36,000 லிட்டர்தான், நூற்றில் இரண்டரைப் பங்குகூட இல்லை. இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைத் தின்றபின், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்போது இந்தத் தண்ணீர் குளத்தை மீட்காது. படிக்கட்டு உள்ளே வரும் தண்ணீரைச் சரிசெய்யும், உள்ளே இருக்கும் தண்ணீரை அல்ல. குளத்து நீரையே மோட்டாரில் ஏற்றிப் படியில் விடலாம்தான். ஆனால் அதே மின்சாரத்துக்கு, துடுப்புச் சக்கரத்தால் நீரை அடிக்கும் பேடில் வீல் ஏரேட்டர் கூடுதல் ஆக்சிஜன் தரும். அதை வாங்குங்கள், வாங்கியதை நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை ஓட்டுங்கள். அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் வராத ஊரென்றால் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

படிக்கு வேறு பலன்களும் உண்டு. போர் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவும் அழுகிய முட்டை நாற்றமும் பெருமளவு வெளியேறும். இரும்பு இருந்தால் துருவாகப் படியும். அது மீனின் செவுளில் ஒட்டாமலிருக்க, கடைசிப் படிக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு தெளிவுத் தொட்டி வையுங்கள். உப்பு மட்டும் எத்தனை படி இறங்கினாலும் போகாது. தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பாலாற்றங்கரை ஊர்களுக்கு அருகில் உங்கள் போர் இருந்தால், கொத்தனாரைக் கூப்பிடும் முன்பு தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். எங்கே, எப்படி என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.