முதலில் கழுத்தின் கோணம், பிறகு விரிசல்: 1966-ஆம் ஆண்டு ஹார்மனி கிட்டாரைச் சீர்செய்தல்

கேள்வி: நான் சிகாகோ புறநகரில் வசிக்கிறேன். அண்மையில் இங்கே ஒரு வீட்டைக் காலிசெய்து பொருள்களை விற்றபோது, பழைய ஹார்மனி சாவரின் கிட்டார் ஒன்றை 80 டாலருக்கு வாங்கினேன். உள்ளே எச் 1260 என்ற எண்ணும், ஓர் எழுத்துடன் 66 என்ற முத்திரையும் இருக்கின்றன. மேற்பலகையில் நீளமான விரிசல் ஓடுகிறது. மேற்பலகையில் ஒட்டப்பட்டுக் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது ஃபிரெட்டுகளில், 12-ஆவதன் மேல் தடித்த கம்பி 5 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விரிசலில் சூப்பர் க்ளூ விட்டு, உப்புத்தாள் தேய்த்து, புதிய வார்னிஷ் அடித்துவிடலாம் என்கிறார் நண்பர். அடுத்த ஆண்டு கோயம்புத்தூருக்குத் திரும்பும்போது இதை எடுத்துச்செல்ல எண்ணுகிறேன். இதற்குச் செலவு செய்யலாமா?

பதில்: செலவு செய்யலாம், ஆனால் நண்பர் சொன்ன மூன்றில் ஒன்றையும் செய்ய வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது சிகாகோவிலேயே பிறந்த கருவி. 1892-இல் தொடங்கப்பட்ட ஹார்மனி நிறுவனம், 1975-இல் மூடப்படும்வரை, சாதாரண வருமானக்காரர்கள் வாங்கக்கூடிய கிட்டார்களைப் பெரும் எண்ணிக்கையில் செய்து விற்றது. அவற்றில் பல மலிவான பலகையில் செய்யப்பட்டவை என்றாலும், எச் 1260 அந்த வகையைச் சேர்ந்ததல்ல: மேற்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் முழு மஹோகனி. இன்று இத்தகைய மரத்தில் புதிதாக ஒரு கிட்டார் வாங்க நீங்கள் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். முத்திரையில் உள்ள 66 என்பது செய்யப்பட்ட ஆண்டு.

விரிசல்தான் கண்ணை உறுத்தும். ஆனால் பழைய கிட்டாரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது கழுத்தின் கோணம். கம்பிகள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் பல பத்தாண்டுகள் இழுத்துக்கொண்டிருந்தால், உடலின் மேற்பகுதி மெல்ல உருமாறிக் கழுத்து முன்னோக்கிச் சாய்கிறது. இதைச் சோதிக்க, நேரான இரும்பு அளவுகோல் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜை நோக்கித் தள்ளுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டு நின்றால் கோணம் சரி. பிரிட்ஜின் முகப்பில் முட்டினால் கழுத்து சாய்ந்திருக்கிறது. கழுத்தே வில்லாக வளைந்திருப்பது வேறு நோய். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் 14-ஆம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருப்பது இயல்பு. அதைவிட மிக அதிகமாகத் தெரிந்தால் வளைவு இருக்கிறது என்று பொருள்.

கம்பியை இறக்க, பிரிட்ஜின் மேல் அதைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலைத் தேய்த்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைத்தால் 12-ஆம் ஃபிரெட்டில் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். தடித்த கம்பிக்கு அங்கே சுமார் 2.4 மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். 5 மில்லிமீட்டரிலிருந்து அந்த அளவுக்கு வர, சேடிலில் 5 மில்லிமீட்டருக்கு மேல் குறைக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள கிட்டாரிலேயே சேடில் வெளியே தெரிவது 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். எனவே, பிரிட்ஜைச் சீர்செய்த பிறகும் உயரம் இப்படியே இருந்தால், கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்துவது ஒன்றே வழி. பிரிட்ஜையே சீவி உயரம் குறைக்கும் குறுக்குவழியைச் சிலர் செய்கிறார்கள். அப்படிச் சீவப்பட்ட கிட்டார்கள் என் மேசைக்கு வரும்போது, கழுத்தைச் சரிசெய்வதோடு புது பிரிட்ஜும் செய்ய வேண்டியதாகிறது.

இந்தக் கிட்டாரின் கழுத்து, புறாவின் வால்போல் விரிந்த முனையைப் பள்ளத்தில் செருகும் புறாவால் பொருத்தில் பசையிட்டுச் செருகப்பட்டது. கழுத்து உடலோடு சேரும் இடத்தைத் தாண்டி, உடலின் மேல் இருக்கும் முதல் ஃபிரெட்டை எடுத்து, அதன் அடியில் சிறு துளையிட்டு, நீராவி செலுத்திப் பசையை இளக்கிக் கழுத்தை வெளியே எடுப்பார்கள். அதன் அடிப்பகுதியில் மிகச் சிறிதளவு மரத்தைச் சீவிக் கோணத்தைத் திருத்தி, மெல்லிய மரச்சீவல் வைத்து இறுக்கமாகப் பொருத்துவார்கள். இதை வீட்டில் முயலாதீர்கள். நீராவி தவறான இடத்தில் பாய்ந்தால், மேற்பலகையை உள்ளிருந்து தாங்கும் உட்சட்டங்கள் கழன்றுவிடும். அமெரிக்காவில் இதற்குச் சில நூறு டாலர் கூலி ஆகும் என்பதால், வேறு எதையும் தொடுமுன் ஒரு பழுதுபார்ப்பவரிடம் காட்டி மதிப்பீடு வாங்குங்கள்.

இனி விரிசல். ஹீட்டர் ஓடும் சிகாகோ வீட்டின் குளிர்கால வறட்சியில் மரம் சுருங்கி, நாரின் போக்கிலேயே பிளந்திருக்கும். உடனே பசையிட்டால் சுருங்கிய நிலையிலேயே மரத்தைப் பூட்டியதாகிவிடும். ஆகவே ஈரமூட்டும் சிறு சாதனத்துடன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருக்குமாறு இரண்டு வாரம் விட்டுவையுங்கள். மயிரிழை விரிசல்கள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். இந்த இடைவெளியில் கைக்கண்ணாடியும் சிறு விளக்கும் ஒலித்துளைக்குள் விட்டு உள்ளே பாருங்கள். மேற்பலகையை விரல் முட்டியால் தட்டும்போது சலசலப்பு கேட்டால், ஏதோ ஓர் உட்சட்டம் பிரிந்திருக்கிறது.

பசை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நம் ஊர் ஆசாரிகள் வச்சிரம் என்று சொன்ன தோல்பசைதான் இதற்கு ஏற்றது. சுமார் 60 பாகை செல்சியசில் இளக்கித் தடவினால் இறுகிப் பிடிக்கும். நாளை பழுது வந்தால் சூடும் ஈரமும் காட்டி இளக்கிவிடலாம். பழைய பசையின் எச்சத்தின் மேலேயே புதியது ஒட்டும். வெள்ளைப் பசையின் எச்சம் மரத்தில் தங்கினால் அடுத்த பசை பிடிக்காது. எபாக்சியை அடுத்தவர் பிரிக்கவே முடியாது. சூப்பர் க்ளூ விரிசலிலிருந்து வழிந்து பழைய மெருகைக் கரைத்துத் தழும்பாக்கிவிடும். விரிசலை ஒட்டிய பின், உட்புறத்தில் அதற்குக் குறுக்கே நார் ஓடும் சிறு ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டினால் மறுபடி பிளக்காது.

பிரிட்ஜின் அடியில் தாள் எவ்வளவு தூரம் நுழைகிறது என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் நுழைந்தாலும், அதை முழுவதும் கழற்றிச் சுத்தம்செய்து ஒட்டுவதே நிலைக்கும். ஹார்மனி கிட்டார்கள் பலவற்றில், பிரிட்ஜின் மேல் தெரியும் இரண்டு வெண்புள்ளிகளுக்கு அடியில் போல்ட்டுகள் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் கத்தியை விட்டு நெம்பினால் மேற்பலகையே பெயர்ந்து வரும்.

மெருகைத் தொடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் அழுக்கு போய்விடும். கீறல்களோடு இருக்கும் பழைய மெருகுக்குத்தான் சந்தையில் விலை. உப்புத்தாள் தொட்ட கிட்டாரைச் சேகரிப்பாளர் திரும்பியும் பார்க்க மாட்டார். உள்ளே ஏணிப்படிபோல் குறுக்கே ஓடும் சட்டங்களை எடுத்துவிட்டு, மார்ட்டின் கிட்டார்களில் உள்ளதுபோல் பெருக்கல் குறி வடிவில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். ஒலி மாறும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கிட்டாரின் வறண்ட, சட்டென்று பேசும் குரல் அந்தச் சட்டங்களிலிருந்துதான் வருகிறது. நானாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டு, மெல்லிய 11-ஆம் எண் கம்பித் தொகுதியைப் பூட்டுவேன்.

ஊருக்கு எடுத்துச்செல்வதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலக் கிட்டார்களின் பிரிட்ஜும் விரற்பலகையும் பிரேசில் ஈட்டி மரமாக இருக்கக்கூடும். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், செய்து முடித்த பழைய கருவியாக இருந்தாலும் எல்லை தாண்ட உரிய சான்றிதழ் வேண்டும். என்ன மரம் என்பதைக் கழுத்து வேலை செய்பவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு, பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். விமானத்தில் கம்பிகளைத் தளர்த்தி, கெட்டியான பெட்டியில் வையுங்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பின் ஒரு மழைக்காலம் கழியும்வரை சேடில் உயரத்தை இறுதியாக்க வேண்டாம். ஈரக்காற்றில் மேற்பலகை சற்று உப்பும்போது கம்பி மறுபடி கொஞ்சம் ஏறும்.