அப்பா படத்துக்கு மாலை போட்டால் விக்கிரக ஆராதனையா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். ஞானஸ்நானம் பெற்று 20 ஆண்டுகள் ஆகின்றன. காலமான அப்பாவின் படத்தை மாலையோடு ஹாலில் வைத்திருக்கிறேன். ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தம்பி தர்ப்பணம் கொடுத்தபோது கூட நின்றேன். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஓர் ஊழியர், "இந்தச் சாபத்தால்தான் மகளுக்கு வரன் அமையவில்லை" என்கிறார். மூன்று வெள்ளிக்கிழமை சாப முறிப்பு ஜெபமாம், தலா 5,000 ரூபாய் காணிக்கை. முதல் வாரத்துக்குக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: மீதி இரண்டு வாரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

படம் விக்கிரகம் ஆகாது. அதன் முன்னால் நின்று "அப்பா, பெண்ணுக்கு ஒரு வழி காட்டு" என்று வேண்டியிருந்தால், அந்த வேண்டுதலைத்தான் விட வேண்டும். படம் இருக்கட்டும். மாலை உறுத்தினால் கழற்றிவிடுங்கள்.

அந்த ஊழியர் யாத்திராகமம் 20:5ஐக் காட்டி, தகப்பன்மாரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்று மிரட்டியிருப்பார். அது கடவுளைப் பகைக்கிறவர்களுக்குச் சொன்னது; "என்னைப் பகைக்கிறவர்களை" என்ற அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருப்பார். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 தெளிவாகவே சொல்கிறது. வரன் தள்ளிப்போக நம் ஊரில் சாபமா வேண்டும்? சாதியும் நகையும் போதாதா?

இந்த வியாபாரம் மிகப் பழையது. நியாயாதிபதிகள் 17இல் மீகா என்பவன் வீட்டில் விக்கிரகம் வைத்து, ஆண்டுக்கு 10 வெள்ளிக்காசு, உடுப்பு, சாப்பாடு என்று பேசி ஒரு லேவியனை (ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தானை) ஆசாரியனாக அமர்த்துகிறான். இனி கர்த்தர் நன்மை செய்வார் என்று நிம்மதியும் அடைகிறான். இன்று அது ஜிபேயில் நடக்கிறது. பயத்தைக் கிளப்பிவிட்டுத் தொகை சொல்பவர், எண்ணெய் பாட்டில் விற்பவர், "உங்கள் சபைப் போதகரிடம் சொல்ல வேண்டாம்" என்பவர், இவர்களில் யாரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவர்கள் உள்ளே நுழைய இடம் விட்டது சபைதான். ஒரே போதகர் தலையில் பல கிராமச் சபைகள். அவர் வீடு சந்திக்க வருவதற்குள் மாற்றல் வந்துவிடும். கமிட்டிக்குத் தேர்தலைத் தவிர வேறு நினைப்பில்லை. பொருளாசையையே விக்கிரக ஆராதனை என்கிறது கொலோசெயர் 3:5. நம் ஆலயங்களிலோ ஃபேன் இறக்கையில்கூட உபயதாரர் பெயர்! வெளிப்படுத்தல் 2இல் விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவதைக் கண்டித்து "மனந்திரும்பு" என்று சொல்லப்பட்டது பெர்கமு என்ற ஊரின் கிறிஸ்தவ சபைக்கு, ஊராருக்கு அல்ல.

இப்போது தர்ப்பணம். பலர் மறக்கும் ஒரு பகுதி 2 இராஜாக்கள் 5. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்கிறான். ஆனால் அவன் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது இவன் கையில்தான் சாய்ந்துகொள்வான், இவனும் குனிந்தாக வேண்டும். அதை மன்னிக்கும்படி முன்கூட்டியே கேட்கிறான். அவன் குணமாக வழி சொன்ன தீர்க்கதரிசி எலிசா திட்டவில்லை, காணிக்கையும் கேட்கவில்லை. கொண்டுவந்த வெகுமதியைக்கூட அதற்கு முன்பே மறுத்திருந்தார். "சமாதானத்தோடே போ" என்றார். நீங்கள் குனியக்கூட இல்லை, தம்பிக்குத் துணையாக நின்றீர்கள். எள்ளும் தண்ணீரும் நீங்களே விட்டிருந்தால் வேறு பேச்சு. அதற்காக இதை எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாகமானுக்குத் தான் செய்வது என்னவென்று தெரிந்திருந்தது, மன்னிப்பும் கேட்டான்.

மனம் உறுத்தினால் வீட்டிலேயே ஜெபித்து அறிக்கையிடுங்கள். ஞாயிறு ஆராதனையில் சொல்லும் பாவ அறிக்கை உங்களுக்கும்தான். திருவிருந்தைத் தவிர்க்க வேண்டாம். எதற்கும் கட்டணம் இல்லை.

கொடுத்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வராது, இருந்தாலும் கேளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.