துணிச் சித்திரத்தில் மேடு பள்ளம்: கேள்வி பதில்

பாம்பன்: அக்கா, உள்ளங்கை அளவு துணியில் அலை தைத்தேன். தட்டையாகவே தெரிகிறது. நுரையை எப்படி எழுப்புவது?

எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் தைத்திருப்பீர்கள். எம்ப்ராய்டரி நூலில் 6 இழை இருக்கும், பிரித்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கடலுக்கு 1 இழை, கரைக்கு வர வர 2, 3, நுரைக்கு மொத்தமும். நுரைக்கு பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றி, வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குத்தி இழுப்பது) போடுங்கள்; சிலதை இறுக்கி, சிலதைத் தளரவிட்டு, ஒழுங்கில்லாமல். வரிசையாகப் போட்டால் மாடியில் வடகம் காயப்போட்ட மாதிரி ஆகிவிடும். முடித்ததும் மேலே இஸ்திரி வைக்காதீர்கள். தடித்த டர்க்கி டவலில் தையல் பக்கத்தைக் கவிழ்த்து, பின்பக்கம் லேசாகத் தேயுங்கள். முடிச்சு நசுங்காது.

மண்டபம்: கரையில் கிடந்த நைலான் வலையைச் சேர்க்கலாமா?

தாராளமாக. ஆனால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகுதான். உப்பு மிச்சம் இருந்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரியும் முனையை ஊதுபத்திக் கங்கால் தொட்டால் உருகி அடங்கும்.

தேவிபட்டினம்: வலையைப் பசையால் ஒட்டலாமா?

வேண்டாம். கண்ணிகளின் முடிச்சில் மட்டும் அதே நிற நூலால் பிடித்துத் தையுங்கள்.

ராமேஸ்வரம்: கடல் விசிறி (விசிறி போல விரியும் கடல் உயிரி), பவளத்துண்டு வைத்தால் அழகாக இருக்குமே?

தொடாதீர்கள். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இரண்டும் உண்டு.

கீழக்கரை: செத்து ஒதுங்கியதுதானே அக்கா? கடையிலேயே விற்கிறார்கள்.

கடையில் தொங்குவதெல்லாம் சட்டப்படி தொங்குகிறதா? செத்ததா உயிரோடா என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போனதே பவளப்பாறையை வெட்டி எடுத்ததால்தான்.

ராமேஸ்வரம்: அது லாரி கணக்கில் எடுத்தது. நான் கேட்பது விரல் அளவு!

விரல் அளவாகவே தைத்துவிடலாமே! மோட்டாரில் காயிலாகச் சுற்றும், இனாமல் பூசிய செம்புக் கம்பியை வாங்கிக் கிளைகளாக முறுக்கி, மேலே பருத்தி நூலை நெருக்கிச் சுற்றுங்கள். இனாமல் இருப்பதால் உப்புக்காற்றில் பச்சை பூக்காது. இன்னொரு வழி: காஜா தையலை (பட்டன் துளைக்குப் போடுவது) வட்டமாகப் போடுங்கள். அடுத்த சுற்றில் துணியைக் குத்தாமல், முதல் சுற்றின் கண்ணியில் மட்டும் ஊசியை விடுங்கள். சுற்றுச் சுற்றாகக் குழல் எழும்பும். இப்படிப் பத்துப் பதினைந்து, உயரம் மாற்றி மாற்றி. நிஜத் துண்டைவிட இதைத்தான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள்.

தொண்டி: அப்போ சிப்பி?

அதிலும் சில வகை பட்டியலில் உண்டு. பெயர் தெரியாததை எடுக்காதீர்கள். எடுத்ததை அலசுங்கள். உப்பு!

ஏர்வாடி: பசை போட்டு ஒட்டினால்...

மேலே பாருங்கள்.

முதுகுளத்தூர்: கண்ணாடிச் சட்டம் போடலாமா?

போடலாம், கண்ணாடி தையலைத் தொடக் கூடாது. நடுவில் அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடுங்கள். துணியை அட்டையில் இழுத்து, பின்னால் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். இரும்பு ஊசியும் ஸ்டேப்ளர் பின்னும் இந்தக் காற்றில் துரு இறக்கிவிடும்.

திருவாடானை: வீட்டிலேயே நூலுக்குச் சாயம் ஏற்றுவது எப்படி?

அது என் வேலை இல்லை. பரமக்குடி கைத்தறிக்காரர்களிடம் கேளுங்கள்.