வழவழப்பான தரையில் பாம்பு ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: வீட்டுக்குள் புகுந்த ஒரு பாம்பு, டைல்ஸ் தரையில் வேகமாக நெளிந்தும் முன்னே செல்ல முடியாமல் தவித்தது. அதற்கு அடிபட்டிருக்குமா? சுற்றுச்சுவரையும் அதுபோல வழவழப்பாகப் பூசிவிட்டால் பாம்பு ஏறாது என்று நம்பலாமா?

பதில்: உடல் முழுவதும் அலை அலையாக நெளிந்திருந்தால், அது காயத்தின் அறிகுறி அன்று, பிடிமானம் கிடைக்காததன் விளைவு. உடலின் ஒரு பகுதி மட்டும் துவண்டு இழுபட்டிருந்தால்தான் முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்.

நெளிந்து செல்லும் பாம்பு, தன் வளைவுகளின் பக்கங்களைக் கல், வேர், புல்தூர் போன்றவற்றின்மீது ஊன்றி உந்துகிறது. இடப்புறமும் வலப்புறமும் எழும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, எஞ்சும் விசை உடலை முன்னே செலுத்துகிறது. ஊன்றுவதற்கு ஒன்றுமில்லாத சமதளத்தில் வயிற்றுச் செதில்களே துணை. அவை பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்பக்கமாக வழுக்குவது எளிது. பக்கவாட்டில் வழுக்குவது கடினம். இந்த வேறுபாடு இருக்கும்வரைதான் நெளிவு பயணமாக மாறும். 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மயக்கப்பட்ட பாம்புகளைச் சாய்தளத்தில் கிடத்தி எத்திசையில் எவ்வளவு எளிதாக வழுக்குகின்றன என்று அளந்தார்கள். துணி விரித்த பரப்பில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. வழவழப்பான பலகையிலோ, விழித்திருந்த பாம்புகள் இருந்த இடத்திலேயே நெளிந்தன. நீங்கள் கண்டதும் இதுவே.

ஆனால் பாம்புக்குத் தெரிந்த நடை இது ஒன்று மட்டுமன்று. குறுகலான இடத்தில் அது உடலின் பின்பகுதியை மடித்து இருபுறமும் அழுத்தி நிலைகொண்டு, முன்பகுதியை நீட்டி, பிறகு முன்பகுதியை ஊன்றிப் பின்பகுதியை இழுத்துக்கொள்ளும். இதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகும். அமெரிக்கக் கருஞ்சாரை ஒன்றில் அளந்தபோது, அதே தொலைவை நெளிந்து கடப்பதைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு ஆனது. மலைப்பாம்பு, விரியன் போன்ற பருத்த பாம்புகள் நேர்கோட்டில் ஊர்வதும் உண்டு. விலா எலும்புகளைக் கால்களைப் போல எடுத்துவைத்து அவை நடப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. விலா எலும்புகள் பெரிதும் அசையாமல் இருக்க, அவற்றையும் தோலையும் இணைக்கும் தசைகள் வயிற்றுத் தோலை முன்னே இழுத்துத் தரையில் பதிக்கின்றன. பிறகு உடல் அந்தத் தோலின்மேல் முன்னே நகர்கிறது. தளர்ந்த மணலில் வாழும் சில விரியன்களோ, உடலைத் தூக்கித் தூக்கி வைத்துச் சாய்வாக நகர்கின்றன.

இனிச் சுவருக்கு வருவோம். விரிசலோ மேடுபள்ளமோ இல்லாத, செங்குத்தான, வழவழப்பான சுவரின் நடுப்பகுதியில் தரைவாழ் பாம்பு ஏறுவது மிகக் கடினம் என்பதால் உங்கள் எண்ணத்தில் உண்மை இருக்கிறது. எனினும் சுவர் முழுவதும் அப்படி இருப்பது அரிது. இரு சுவர்கள் சேரும் மூலை, சுவரை ஒட்டிய மழைநீர்க் குழாய், சாய்த்துவைத்த ஏணி, படர்ந்த கொடி ஆகிய ஒவ்வொன்றும் அதற்கு ஊன்றுகோல்தான். வழவழப்பான கம்பத்தைச் சுற்றி உடலையே சுருக்குக்கயிறுபோல் முடிச்சிட்டு ஏறும் மரப்பாம்பைப் பற்றி 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. தாழ்வான சுவரானால் ஏறவே வேண்டியதில்லை. தரைவாழ் பாம்புகளில் பலவும் உடலின் மூன்றில் ஒரு பங்கை உயர்த்தி எட்டிப்பார்க்கக்கூடியவை.

ஆகவே, சுவரைப் பூசுவதற்குச் செலவிடும் முன் கதவின் அடியிலுள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள், கழிவுநீர்க் குழாயின் வாய்க்கு நெருக்கமான கம்பிவலை பொருத்துங்கள், சுவரோரம் சாய்த்திருக்கும் பொருள்களை அகற்றுங்கள் என்பதே என் பரிந்துரை. பாம்புகள் பெரும்பாலும் நுழைவது இத்தகைய தரைமட்ட வழிகளில்தான்.

மற்றொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டைல்ஸ் தரையில் முன்னேற முடியாத பாம்பாலும் தலையை வீசிக் கடிக்க முடியும். அது தடுமாறுவதைக் கண்டு துடைப்பத்தாலோ கையாலோ பிடிக்க முயலாதீர்கள். பிள்ளைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் வெளியேற்றி, அறைக் கதவைச் சாத்தி, அதன் அடி இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழையுங்கள். வழவழப்பான தரை அதன் வேகத்தைக் குறைப்பதால், அவர் வந்து சேரும்வரை பாம்பு அந்த அறையிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.