லெசோத்தோ அணை லஞ்ச வழக்கு: மேல்முறையீடு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அணைத் திட்ட வேலைகளுக்காக வெளிநாட்டு நிறுவனங்கள் கொடுத்த லஞ்சப் பணம் கைமாறியது சுவிஸ் வங்கிகளில். தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சிறு நாடான லெசோத்தோவின் நீதிமன்றம் அதை எப்படி விசாரித்தது?

பதில்: லஞ்சத்தால் வளைக்கப்பட்ட வேலை லெசோத்தோவில் நடந்ததே! தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மலைநாட்டு நீர்த் திட்டம், காட்சே அணையெல்லாம் அதில்தான் வரும். அதை நடத்திய ஆணையத்தின் தலைமை அதிகாரி மசுபா சோலேதான் லஞ்சம் வாங்கியவர். பாதிப்பு அந்த நாட்டுக்கு என்பதால் 'இங்கே விசாரிக்க முடியாது' என்ற வாதம் எடுபடவில்லை. 2002-ல் அவருக்கு விதித்த 18 ஆண்டுச் சிறையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-ல் 15 ஆண்டாகக் குறைத்தது. அவர் குற்றவாளி என்பது மட்டும் மாறவில்லை.

கேள்வி: "ஏஜெண்டுக்குக் கமிஷன்தான் கொடுத்தோம்" என்றது, சோலேவுக்கு லஞ்சம் கொடுத்ததாக வழக்கில் சிக்கிய கனடாவின் ஏக்கர்ஸ் என்ற பொறியியல் நிறுவனம். ஏஜெண்டும் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார். அப்புறம் எதை வைத்துத் தண்டித்தார்கள்?

பதில்: வங்கிக் கணக்கை வைத்துத்தான். லஞ்சம் பேசியதை யாரும் நேரில் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. ஆனால் ஏக்கர்ஸ் பணம் ஏஜெண்டின் சுவிஸ் கணக்கில் விழும். அதில் சுமார் 60 சதவீதம் சோலேவின் கணக்குக்குப் போகும். திரும்பத் திரும்ப இதே கதை. ஏற்கெனவே அந்த நாட்டில் வேலை பார்த்துவந்த நிறுவனத்துக்கு இவ்வளவு கமிஷனில் ஏஜெண்ட் எதற்கு என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க பதில் வரவில்லை. சோலேவோ தன் வழக்கில் கூண்டேறி எந்த விளக்கமும் தரவில்லை. சூழ்நிலைச் சாட்சியம் பலவீனமானது என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். அதே சமயம் மேல்முறையீட்டு நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் இல்லை. இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்றிலிருந்து ஏக்கர்ஸை விடுவித்து, 2 கோடியே 20 லட்சம் மலோட்டி (லெசோத்தோ நாணயம்) அபராதத்தை ஒன்றரைக் கோடியாகக் குறைத்தார்கள். எனக்கு இந்த வழக்கில் பெரிய மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

கேள்வி: மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடுமா?

பதில்: கூடும். இதே திட்டத்தில் லஞ்சம் கொடுத்ததாகத் தண்டிக்கப்பட்ட ஜெர்மனியின் லாமயர் நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. 2004-ல் அதன் மேல்முறையீடு தள்ளுபடியானது. சுமார் 1 கோடியே 6 லட்சமாக இருந்த அபராதம் 1 கோடியே 20 லட்சம் மலோட்டியானது. அபராதம் போதாது என்று அரசுத் தரப்பும் கேட்டிருந்தது.

கேள்வி: இந்தத் திட்டத்துக்கு நிதி தந்த உலக வங்கி என்ன செய்தது?

பதில்: தாமதமாகச் செய்தது. முதலில் ஏக்கர்ஸ் மீது போதிய ஆதாரம் இல்லை என்றது. மேல்முறையீட்டிலும் குற்றம் உறுதியான பிறகு, 2004-ல் மூன்று ஆண்டுகளுக்கு அந்த நிறுவனத்தைத் தன் திட்டங்களிலிருந்து விலக்கியது. லாமயருக்கு 2006-ல் ஏழு ஆண்டுத் தடை. ஏழை நாடொன்று பெரும் செலவு செய்து வழக்கை முடித்துக் காட்டும்வரை காத்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.